எழுதிய கைகளின் நோவு

நம் முன்னோர் நூல்களை எண்ணி வைத்தார்கள். தாள்களையும் எண்ணி வைத்தார்கள். இமாம் தபரீ (ரஹ்) அவர்கள் நாற்பது ஆண்டுகள் நாள்தோறும் நாற்பது தாள்கள் எழுதினார்கள் என்பது பக்தாத் நகர வரலாற்றை எழுதிய கத்தீப் அல்பக்தாதீயின் பதிவு. ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கில் பெருக்கிப் பார்த்தால் ஐந்தரை இலட்சம் தாள்களைத் தாண்டுகிறது. இந்தத் தொகையை அப்படியே ஏற்க வேண்டும் என்பதில்லை. நாற்பது என்ற எண்ணைப் பன்மையின் குறியாகப் பயன்படுத்துவது அக்கால வழக்கம். ஆயினும் ஹி. 310 (கி.பி. 923)இல் மறைந்த அப்பெருந்தகை விட்டுச் சென்ற தஃப்ஸீரையும் வரலாற்றையும் காண்போர், எண் மிகையாயினும் உழைப்பு மிகையன்று என்பதை ஒப்புவர். எழுத்தணிக் கலையின் பேராசான் இப்னுல் பவ்வாப் அறுபத்து நான்கு குர்ஆன் பிரதிகளை எழுதினார் என்பர். அவற்றுள் ஒன்று, ஹி. 391 (கி.பி. 1000 - 1001)இல் எழுதப்பெற்றது, டப்ளின் நகரின் செஸ்டர் பீட்டி நூலகத்தில் இன்றும் உள்ளது.

இத்தனை எண்களுக்கிடையே எழுதிய கையைப் பற்றிய பேச்சு மட்டும் அரிதாகவே வருகிறது. பல்லாண்டுகள் ஒரே பிடியில் எழுதுகோலைப் பற்றியிருந்த பெருவிரல் நோகாமலா இருந்திருக்கும்? மணிக்கட்டு மடங்க மறுத்த காலைகள் இல்லாமலா போயிருக்கும்? மணிக்கட்டிலும் பெருவிரலடியிலும் தீராத நோவோடு சில ஆண்டுகளாக வாழ்ந்து வரும் நமக்கு, இக்கேள்விகள் வெறும் ஏட்டு ஆராய்ச்சியாகத் தோன்றவில்லை. அந்த அக்கறையுடனேயே பழைய நூல்களைப் புரட்டினோம். கிடைத்தவை சிலவே, அவற்றை இங்கே தொகுக்கிறோம்.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பெருவிரலை வெளிப்புறமாக விரிக்கவும் நீட்டவும் உதவும் இரண்டு தசைநாண்கள், மணிக்கட்டின் பெருவிரற் பக்கத்தில் உள்ள ஒடுக்கமான ஓர் உறையின் வழியே செல்கின்றன. ஓயாத ஒரே வகை அசைவினால் அந்த உறை தடித்து உள்வழி குறுகும்போது நாண்கள் தடையின்றி வழுக்கிச் செல்ல முடிவதில்லை. குவளையைத் தூக்கினாலும், துணியைப் பிழிந்தாலும், சாவியைத் திருகினாலும் பெருவிரலடியிலிருந்து முன்கை வரை நோவு ஓடும். 1895இல் ஐந்து நோயாளரை வைத்து இதனைத் தனி நோயாக விளக்கியவர் ஃபிரிட்ஸ் டி குவர்வைன் என்னும் சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர்; நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. ஏறத்தாழ அக்காலத்திலேயே கிரேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் இதனைச் சலவைப் பெண்களின் சுளுக்கு என்று குறித்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கே இது மிகுதி. கைக்குழந்தையை ஓயாமல் தூக்கும் தாய்மாரை அடிக்கடி பற்றுகிறது. ஓய்வும், பெருவிரலை அசையாது தாங்கும் கட்டும், உறைக்குள் செலுத்தும் ஊசியும், தீராவிடில் உறையைத் திறந்துவிடும் சிறு அறுவையும் இன்றைய மருத்துவத்தின் வழிகள். பலருக்குத் தீர்ந்துவிடுகிறது. பழைய வேலைக்கே திரும்பும் சிலருக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை: கையெழுத்துச் சுவடிகளை எழுதியோருக்கு வந்த நோவு அனைத்தும் இதுவே என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு அப்பாலிருந்து நோய் கணிப்பது ஆய்வு நெறியாகாது. கை ஓய்ந்தது, கை நொந்தது என்று ஏடு சொல்லுமானால் அதற்கு மேல் நாம் சொல்ல உரிமையில்லை.

எனினும் நாணல் எழுதுகோலின் தன்மையை அறிந்தவர்கள் அது பெருவிரலிடம் எவ்வளவு வேலை வாங்கும் என்பதை உணர்வார்கள். கோலைப் பெருவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் பற்றுகின்றன. வெட்டப்பட்ட நுனி தட்டையானது. எழுத்தின் தடிப்பும் மெலிவும் அந்த நுனி தாளில் படியும் கோணத்தைப் பொறுத்தவை. ஆகவே வரி முழுவதும் கோணம் பிறழாதிருக்க வேண்டும். கோலைச் சீவுவது மற்றொரு வேலை. நுனி தேயத் தேயக் கத்தியால் செதுக்கி, எலும்பு அல்லது தந்தத் தகட்டின்மீது வைத்து, பெருவிரலால் கத்தியை அழுத்தி ஒரே வெட்டில் நறுக்க வேண்டும். ஹி. 597 (கி.பி. 1201)இல் மறைந்த இமாம் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்களைப் பற்றி இப்னு கல்லிகான் தரும் செய்தி நம் மத்ரஸாக்களில் அடிக்கடி சொல்லப்படுவது. ஹதீஸ்களை எழுதிய கோல்களின் சீவல்களையெல்லாம் சேர்த்து வைத்து, தம் ஜனாஸாவைக் குளிப்பாட்டும் நீரை அவற்றால் சுட வைக்குமாறு அவர்கள் வஸிய்யத் செய்தார்கள், அவ்வாறே செய்யப்பட்டது, சீவல்கள் மிஞ்சவும் செய்தன. இதைச் சொல்வோர் அவர்களது பேரறிவை வியக்கிறார்கள், நாமும் வியக்கிறோம். கூடவே, அந்தச் சீவல் ஒவ்வொன்றும் பெருவிரல் ஒருமுறை கத்தியை அழுத்தியதன் எச்சம் என்பதும் நம் நினைவில் எழுகிறது.

எழுதுவதையே பிழைப்பாகக் கொண்டவர்களின் நிலை வேறு. அவர்களை வர்ராக் என்றனர். தாள் விற்பதும், நூலைப் படியெடுப்பதும், கட்டுவதும், விற்பதும் அவர்கள் தொழில். மூன்றாம் ஹிஜ்ரி நூற்றாண்டில் பக்தாதில் அவர்களுக்கு நூற்றுக்கு மேற்பட்ட கடைகள் இருந்தன என்கிறார் யஃகூபீ. ஃபிஹ்ரிஸ்த் என்னும் பெரும் நூற்பட்டியலை ஹி. 377 (கி.பி. 987)இல் உருவாக்கிய இப்னுந் நதீமும் அத்தொழிலைச் சேர்ந்தவரே. அவர் ஒரு நிகழ்ச்சியைக் குறிக்கிறார். யஹ்யா இப்னு அதீ என்னும் கிறிஸ்தவத் தத்துவ அறிஞர் படியெடுத்தே வாழ்ந்தவர். இவ்வளவு எழுதுகிறீரே என்று இப்னுந் நதீம் ஒருநாள் கடிந்துகொண்டபோது அவர், தம் கையாலேயே தபரீயின் தஃப்ஸீரை இருமுறை படியெடுத்ததையும், ஓர் இரவும் பகலும் சேர்ந்த பொழுதில் நூறு தாள்கள் எழுதுவதெனத் தமக்குத் தாமே விதித்துக்கொண்டதையும் எடுத்துச் சொன்னாராம். கடிந்துகொண்டவரும் வர்ராக் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த வேலையின் விலை இன்னதென்று அறிந்த ஒருவர் மற்றவருக்காக இரங்கியதாகவே நாம் இதனைப் படிக்கிறோம்.

இத்தொழிலை வெளிப்படையாக நொந்துகொண்டவர் அபூ ஹய்யான் அத்தவ்ஹீதீ. அரபு உரைநடையின் தலைசிறந்த எழுத்தாளருள் ஒருவரான அவர், வயிற்றுப் பாட்டுக்குப் பிறர் நூல்களைப் படியெடுக்க வேண்டியிருந்தது. ரய் நகரில் அமைச்சர் ஸாஹிப் இப்னு அப்பாதிடம் அவர் பணியாற்றியபோது, அமைச்சரின் கடிதங்கள் அடங்கிய முப்பது தொகுதிகள் அவர் முன் வைக்கப்பட்டன. குராஸானிலிருந்து கேட்டிருக்கிறார்கள், படியெடுத்துக் கொடு என்பது கட்டளை. வேலை மிக நீண்டது, தேர்ந்தெடுத்த பகுதிகளைத் தொகுத்துத் தரட்டுமா என்று அவர் கேட்டதே குற்றமாகிவிட்டது. அமைச்சர் தம் எழுத்தில் கழிக்கத்தக்கது உண்டோ என்று சினந்தார். அபூ ஹய்யானுக்கு அங்கே வாழ்வில்லாமல் போயிற்று. படியெடுக்கும் தொழிலைச் சகுனம் கெட்ட தொழில் என்று அவர் ஏசினார். ஆயுளும் பார்வையும் அதில் அழிகின்றன என்றார். முதுமையில் தம் நூல்களையே எரித்தார்.

ஆயுளையும் கண்ணையும் சொன்ன அந்த மனக்கசப்புக்காரர் கையைச் சொல்லவில்லை. ஏன்? நமக்குத் தோன்றும் காரணம் ஒன்றுண்டு, ஊகமென்றே கொள்க. பார்வை மங்குவது முதுமையில் எவருக்கும் வருவது. அதைச் சொல்வதால் இழப்பில்லை. கை நோகிறது என்று சொன்ன வர்ராக்கிடம் மறுநாள் எவர் நூலைக் கொடுப்பார்? தாளுக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவனுக்குக் கைதான் கடைச்சரக்கு. சுவடிகளின் இறுதியில் படியெடுத்தோர் எழுதிவைத்த குறிப்புகளிலும் இதே அடக்கம் காணப்படுகிறது. பிழை பொறுக்குமாறு வேண்டுவார்கள், துஆ கேட்பார்கள், எழுதிய கை மண்ணாகும், எழுத்து எஞ்சும் என்னும் கருத்தைப் பலவாறாகப் பாடி வைப்பார்கள். மண்ணாகப் போகும் கை இன்று எப்படி இருக்கிறது என்பதைச் சொல்வது குறைவு.

பெண்களின் கதை இன்னும் மறைவானது. குர்துபாவின் கிழக்குப் புறநகரில் மட்டும் கூஃபி எழுத்தில் குர்ஆன் பிரதிகள் எழுதிய பெண்கள் நூற்று எழுபது பேர் இருந்தனர் என்று, பழைய வரலாற்றாசிரியர் ஒருவரை ஆதாரங்காட்டி, மர்ராகுஷீ எழுதியுள்ளார். பெயர் அறியாத அப்பெண்களுக்கு எழுத்தைத் தவிர வீட்டு வேலையும் குழந்தையும் இருந்திருக்கும். மேலே சொன்ன நோய் யாரை மிகுதியாகப் பற்றுகிறது என்பதை நினைத்தால் அந்த நூற்று எழுபது என்ற எண் வேறு விதமாக ஒலிக்கிறது.

கை ஓய்ந்ததை வாய்விட்டுச் சொல்லும் ஒரு செய்தி, வியப்பூட்டும் வகையில், நம் ஷாஃபிஈ மத்ஹபின் தூண்களில் ஒருவரான இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் வரலாற்றில் கிடைக்கிறது. ஹி. 631இல் சிரியாவின் நவா என்னும் ஊரில் பிறந்து, ஹி. 676 (கி.பி. 1277)இல் அதே ஊரில் மறைந்த அவர்கள் வாழ்ந்தது ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகளே. அதற்குள் முஸ்லிமின் விரிவுரையும், மின்ஹாஜும், ரவ்ளாவும், ரியாளுஸ் ஸாலிஹீனும், முற்றுப்பெறாது போன மஜ்மூஉம் எழுதினார்கள். கை சோர்ந்து இனி இயலாது என்னும் வரை எழுதுவார்கள். பிறகு கோலைக் கீழே வைத்துவிட்டு, கை ஓய்வு பெறும் வரை ஒரு காதற் கவிதையின் அடியை மெல்லச் சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று அவர்களின் வரலாற்றை எழுதியோர் குறிக்கின்றனர். உணவையும் உறக்கத்தையும் குறைத்துக்கொண்ட அந்தத் துறவுள்ளம் கையின் சோர்வுக்கு மட்டும் இணங்கியது நம் நெஞ்சைத் தொடுகிறது. உறக்கத்தை விரட்டலாம். பிடியிழந்த விரலை விரட்டி எழுத வைக்க முடியாது. முயன்றால் எழுத்தே கெடும். இதை அறிந்து கோலைக் கீழே வைத்ததில் ஒரு கைவினைஞரின் விவேகமும் இருந்தது.

அதே கை எழுதிய ஒரு சொல்விளக்கத்தை இங்கே நினைவுகூர வேண்டும். மனிதனின் ஒவ்வொரு மூட்டுக்கும் கதிரவன் உதிக்கும் ஒவ்வொரு நாளும் தர்மம் கடமையாகிறது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளிய ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது; யாவரும் அறிந்தது. அதில் மூட்டைக் குறிக்க வந்துள்ள சொல் ஸுலாமா. முஸ்லிமின் விரிவுரையில் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், இச்சொல் மூலத்தில் விரல்களின் எலும்புகளையும் உள்ளங்கை எலும்புகளையும் குறித்ததென்றும், பின்னரே உடலின் எலும்புகள், மூட்டுகள் அனைத்துக்கும் வழங்கலாயிற்றென்றும் எழுதுகிறார்கள். அதாவது உடலின் மூட்டுகள் அனைத்தும் கைவிரலின் பெயரைக் கடன் வாங்கியுள்ளன. வழக்கமாக இந்த ஹதீஸ் நற்செயல்களைத் தூண்டுவதற்கே எடுத்துச் சொல்லப்படுகிறது. நலமாயிருக்கும் மூட்டுக்கு நன்றி என்பதே அதன் அடிப்படை. நோவு வரும் வரை பெருவிரலடியில் ஒரு மூட்டு இருப்பதையே நம்மில் பெரும்பாலோர் எண்ணுவதில்லை.

மருத்துவ நூல்களில் தேடினோருக்குக் கிடைப்பது பொதுவான அறிவு. உறுப்புகளின் பயன்களைப் பற்றிக் காலன் எழுதிய பதினேழு பகுதி நூல் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கின் குழுவினரால் அரபிக்கு வந்தது. அதன் முதல் இரு பகுதிகளும் கையைப் பற்றியவை; பெருவிரல் மற்ற விரல்களுக்கு எதிர்நின்று பற்றுவதன் நுட்பம் அங்கே விரிகிறது. கைக்கு இத்தனை முதன்மை தந்த நூலை அரபு மருத்துவர்கள் பாடமாகப் படித்தார்கள். ஆயினும் இப்னு ஸீனாவின் கானூனில் மூட்டு நோவும், விரல்களில் வரும் நிக்ரிஸும், தொடை நரம்பு நோவும் ஒரே தொடராகவே பேசப்படுகின்றன. கெட்ட நீர் மூட்டில் இறங்கியது என்பதே விளக்கம். தொழிலால் வரும் கை நோவுக்கென்று தனி இடம் இல்லை. மூட்டு நோவுக்கு அன்று கொடுக்கப்பட்ட ஸூரிஞ்ஜான் கிழங்கு இன்றும் யூனானி மருத்துவத்தில் வழங்குகிறது. அந்தலுஸின் அஸ்ஸஹ்ராவீ தம் தஸ்ரீஃப் நூலின் முப்பதாம் பகுதியில், பிசகிய மணிக்கட்டைப் பொருத்தும் முறையை விளக்கினார். அடிபட்ட கைக்கு அங்கே வழியுண்டு. எழுதித் தேய்ந்த கைக்கு இல்லை. தொழிலையே நோயின் காரணமாகக் காட்டிய பெருமை இத்தாலிய மருத்துவர் ரமாஸ்ஸினிக்கு உரியது. தொழிலாளர் நோய்களைப் பற்றிய அவரது நூலின் 1713ஆம் ஆண்டுப் பதிப்பில் எழுத்தர்களைப் பற்றிய பகுதி சேர்ந்தது. ஓயாமல் அமர்ந்திருத்தல், கையை ஒரே திசையில் இடைவிடாது அசைத்தல், பிழை நேருமோ என்னும் மன இறுக்கம் என மூன்று காரணங்களை அவர் சொன்னார். வலக்கை செயலிழந்து, இடக்கையால் எழுதப் பழகி, அதுவும் அவ்வாறே ஆகிவிட்ட ஓர் எழுத்தரையும் அவர் குறிப்பிடுகிறார். பிரிட்டனில் தந்திப் பணியாளரின் கைப்பிடிப்பு 1908இல் இழப்பீட்டுக்குரிய தொழில் நோயாக ஏற்கப்பட்டது.

மருத்துவம் தனியிடம் தராத இந்த நோவுக்கு ஃபிக்ஹ் இடம் தந்திருக்கிறது. நோயின் பெயரைக் கேட்காமலேயே தந்திருக்கிறது. கையில் கட்டுப் போட்டவர் உளூவுக்கு என்ன செய்வது என்பது எல்லா மத்ஹபுகளும் விரித்துரைத்த பாடம். கழற்றிக் கழுவுவதில் தீங்கில்லையெனில் கழற்ற வேண்டும். தீங்குண்டெனில் ஹனஃபி மத்ஹபில் கட்டின்மீது ஈரக் கையால் தடவுவது போதும். ஷாஃபிஈ மத்ஹபில் நலமான பகுதியைக் கழுவி, கட்டின்மீது தடவி, தயம்முமும் செய்ய வேண்டும். கட்டு இருக்கும் இடத்தைப் பொறுத்துத் தொழுகையை மீட்டுவது பற்றிய சட்டமும் உண்டு. அதனை உலமாக்களிடம் கேட்டறிக. ஸுஜூதில் தரையில் பட வேண்டிய ஏழு உறுப்புகளில் இரு கைகளும் அடங்கும் என்பது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ். மணிக்கட்டு நோவுள்ளவர் அஞ்சும் இடம் அதுவே. உள்ளங்கையின் அல்லது விரல்களின் உட்புறத்தில் ஒரு சிறு பகுதி பட்டாலும் கடமை நிறைவேறும் என்பது ஷாஃபிஈ நூல்களின் கருத்து. மூல நோயால் வருந்திய இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் கேட்டபோது, நின்று தொழுக, இயலாவிடில் அமர்ந்து, அதுவும் இயலாவிடில் ஒருக்களித்து என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டியதே இச்சலுகைகளுக்கெல்லாம் அடித்தளம். இருந்தும் நம் பள்ளிவாசல்களில் நாற்காலியில் அமர்ந்து தொழுபவரை ஏறிட்டு நோக்கும் பார்வைகள் குறைந்தபாடில்லை. வெளியே தெரியாத கை நோவு உடையவர் எழும்போது கையூன்றாமல் தடுமாறினால் சோம்பல் என்று எண்ணுவோரும் உளர்.

கையை முற்றும் இழந்தவரும் எழுதியதுண்டு. எழுத்துக்கு அளவு விதி வகுத்த இப்னு முக்லா மூன்று கலீஃபாக்களிடம் அமைச்சராயிருந்தவர். அரசியற் பகையால் அவர் வலக்கை துண்டிக்கப்பட்டது, ஹி. 328 (கி.பி. 940)இல் சிறையிலேயே மறைந்தார். எஞ்சிய முன்கையில் கோலைக் கட்டிக்கொண்டு எழுதினார் என்பர். இதைவிட நம்மை ஈர்ப்பது உஸ்மானியர் காலத்து முஹம்மது அஸ்அத் யஸாரீயின் வாழ்வு. பிறப்பிலேயே வலப்பக்கம் செயலற்று, இடப்பக்கமும் நடுக்கம் கொண்டிருந்த அவர், இஸ்தான்புலின் பேராசான் வலிய்யுத்தீன் எஃபந்தியிடம் கலை பயில வந்தபோது ஏற்கப்படவில்லை. வேறோர் ஆசானிடம் பயின்று, இடக்கையால் நஸ்தஅலீக் எழுத்தில் தம் காலத்தவர் அனைவரையும் விஞ்சினார். இடக்கையர் என்பதே யஸாரீ என்ற பெயரின் பொருள். தம் செருக்கை அடக்கவே இறைவன் இவரை அனுப்பினான் என்று வலிய்யுத்தீன் எஃபந்தி பின்னர் மனம் வருந்திச் சொன்னதாக அந்நாட்டவர் கூறுவர். ஹி. 1213 (கி.பி. 1798)இல் யஸாரீ மறைந்தபோது, அவர் மகன் முஸ்தஃபா இஸ்ஸத் அக்கலையைத் தொடர்ந்தார்.

நம் மண்ணிலும் இக்கைகளின் வாரிசுகள் இருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் கல்லச்சு பரவியபோது அரபுத் தமிழ் நூல்கள் ஏராளமாக அவ்வழியே வந்தன. ஒவ்வொரு பக்கத்தையும் காத்திப் ஒருவர் கையால் எழுதியாக வேண்டும். சென்னை திருவல்லிக்கேணியில் வாலாஜா பள்ளிவாசலுக்கு அருகிலிருந்து, 1927இல் சையத் அஸ்மத்துல்லாஹ் தொடங்கிய முஸல்மான் என்னும் உருது நாளிதழ், கணினி யுகத்திலும் பல்லாண்டுகள் கையெழுத்திலேயே வந்தது. நான்கு பக்கங்கள், ஒரு பக்கத்தை எழுத ஏறத்தாழ மூன்று மணி நேரம். முதற்பக்கத்தில் ஒரு மூலையை, கடைசி நேரத்தில் வரும் செய்திக்காக வெற்றிடமாக விட்டு வைப்பார்கள். பிழை நேர்ந்தால் பக்கத்தையே மறுபடி எழுத வேண்டும். எழுதிய தாள்கள் படமெடுக்கப்பட்டு அச்சுக்குப் போகும். மாலையில் இதழ் வாசகர் கைக்கு வந்துவிடும். காத்திபுகளில் ஒருவர் உடல்நலமின்றி வராவிட்டால், நகரில் மாற்று ஆள் கிடைக்காததால், அவர் பக்கத்தையும் மற்றவர்களே சேர்த்து எழுதினார்கள்.